'கமாண்ட் நாட் ஃபவுண்ட்': ஷெல்லின் தேடல் பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. உதவி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், என்னிடம் வருவதற்குள் அந்த மென்பொருளை மூன்று முறை நீக்கி மூன்று முறை நிறுவியிருப்பார்கள். பெரும்பாலும் மென்பொருளில் பழுதே இருக்காது; ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) தேடுகிற இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். ஆகவே இதைப் படித்து முடிக்கும்வரை எதையும் மறுபடி நிறுவாதீர்கள்.

கட்டளைகளையும் கோப்புறைப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பாத், ஹோம் ஆகிய இரண்டு மாறிகள் (ஷெல் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்கள்) மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில். உதாரணங்கள் உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளில் ஓடும் பேஷ் ஷெல்லுக்கானவை. மேக் மாறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

நிறுவியாகிவிட்டது. ஆனாலும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றே வருகிறது. ஏன்?

நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால் ஷெல் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. பாத் என்ற மாறியில் சில கோப்புறைகளின் பெயர்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிறது. முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எதிலும் கிடைக்காவிட்டால் 127 என்ற வெளியேற்ற எண்ணுடன் (கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) கையை விரித்துவிடும். 'என் கணினியிலேயே இல்லை' என்று அது சொல்லவில்லை. 'எனக்குச் சொல்லப்பட்ட இடங்களில் இல்லை' என்றுதான் சொல்கிறது.

பெயரில் ஒரு சாய்கோடு இருந்தால் இந்தத் தேடலே நடக்காது. /ஆப்ட்/கருவி/பின்/கருவி என்று முழு முகவரியைத் தட்டிப் பாருங்கள். ஓடுகிறதென்றால் கோளாறு பாத்தில்தான்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பாத்தையே பாருங்கள். ஒரே நீள வரியாகப் பார்த்தால் கண் ஏமாற்றும். வரிக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்:

எக்கோ "$பாத்" | டிஆர் ':' '\என்'

சென்ற மாதம் ஒரு இளைஞரின் கணினியில் வந்தது இது:

/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்
/யூஎஸ்ஆர்/பின்
/பின்

/ஆப்ட்/கருவி/பின்/கருவி
~/பின்

ஆறு வரியில் மூன்று தவறுகள். நான்காவது இடத்தில் வெற்று வரி: இரண்டு முக்காற்புள்ளிகள் அடுத்தடுத்து விழுந்திருக்கின்றன. வெற்றிடம் என்றால் 'இப்போது நிற்கும் கோப்புறை' என்று பொருள். அதன் ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன். அடுத்தது, கோப்புறைக்குப் பதிலாக நிரலின் பெயரையே எழுதிவிட்டார். பாத்தில் இருக்க வேண்டியது தெருவின் பெயர், வீட்டு எண் அல்ல. கடைசியில், வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறி (~) விரிவடையாமல் அப்படியே நிற்கிறது. மேற்கோள் குறிக்குள் எழுதினால் அலைக்குறி வீட்டுக் கோப்புறையாக மாறாது. வேடிக்கை என்னவென்றால், பேஷ் மட்டும் தேடும் நேரத்தில் கருணை காட்டி அதை விரித்துக்கொள்ளும். மேக்கில் இயல்பாக வரும் இசட் ஷெல்லும் மற்ற நிரல்களும் காட்டா. 'டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டருக்குள் ஓடவில்லை' என்ற புலம்பல்களில் சில இங்கிருந்து வருபவை. அலைக்குறியை விட்டுவிட்டு $ஹோம் என்று எழுதுங்கள்.

நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'விச்' கட்டளை ஒரு இடத்தைக் காட்டுகிறது. ஆனால் வேறு ஏதோ ஓடுகிறதே?

விச்சை நம்பாதீர்கள். பேஷைப் பொறுத்தவரை அது வெளியே இருக்கும் தனி நிரல். பாத்தைப் படிக்கத் தெரியும். உங்கள் ஷெல்லின் மனத்தில் இருப்பது தெரியாது. ஷெல்லோ பாத்துக்குப் போகும் முன்பே மாற்றுப்பெயர்கள், செயற்கூறுகள், உள்கட்டளைகள் ஆகியவற்றைப் பார்த்துவிடுகிறது. ஷெல்லையே கேளுங்கள்:

டைப் -ஏ பைத்தான்3

அந்தப் பெயரில் எத்தனை இருக்கின்றன, எந்த வரிசையில் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடும். முதல் வரியில் இருப்பதுதான் ஓடும்.

புதிய பதிப்பை நிறுவினேன். பழையதே ஓடுகிறது.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒரே தெருவில் இரண்டு முருகேசன்கள் இருந்தால், புதிதாக வந்த தபால்காரர் முதல் வீட்டிலேயே கடிதத்தைத் தந்துவிட்டுப் போய்விடுவார். பழையது /யூஎஸ்ஆர்/பின்னில், புதியது பாத்தின் கடைசியில் நீங்கள் சேர்த்த கோப்புறையில் என்றால் பழையதுதான் ஜெயிக்கும். புதிய கோப்புறையை முன்னால் போடுங்கள்.

இரண்டாவது காரணம் ஷெல்லின் ஞாபகசக்தி. ஒருமுறை கண்டுபிடித்த கட்டளையின் முகவரியை பேஷ் குறித்துவைத்துக்கொள்கிறது; அடுத்த முறை தேடுவதில்லை. இடையில் நீங்கள் நிரலை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் பழைய வீட்டுக் கதவையே தட்டும். அடையாளம் எளிது: பிழைச் செய்தியில் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' இருக்காது, நீங்கள் தட்டாத பழைய முழு முகவரியுடன் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வரும். ஹாஷ் -ஆர் என்று தட்டினால் ஞாபகம் அழிந்துவிடும். இசட் ஷெல்லில் ரீஹாஷ். புதிய டெர்மினலைத் திறந்தாலும் சரியாகிவிடும். 'கணினியை அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது' என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

பாத்தில் சேர்க்கும் வரியைச் சரியாக எழுதுவது எப்படி?

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/பின்:$பாத்"

இந்த ஒரே வரியில் தவறு செய்ய எத்தனை வழிகள் இருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சமன்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. எக்ஸ்போர்ட் இல்லாமல் வெறுமனே பாத் என்று தொடங்கி இடைவெளி விட்டால், ஷெல் 'பாத்' என்பதையே ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு அது கிடைக்கவில்லை என்று முறையிடும். அரட்டைச் செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகியிருக்கும். வளைந்தவை ஷெல்லுக்கு வெறும் எழுத்துகள். வலது பக்கத்தில் டாலர் குறியை மறந்தால் 'பாத்' என்ற பெயருள்ள கோப்புறையைத் தேடும். '$பாத்' என்ற பகுதியையே மறந்தால் அடுத்த கேள்விக்கு வந்துவிடுவீர்கள்.

எல்எஸ் கூட ஓடவில்லை! எல்லாம் போய்விட்டது!

எதுவும் போகவில்லை. அந்த டெர்மினலை மட்டும் மூடாதீர்கள்.

இது எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஷெல் தொடங்கும்போது படிக்கும் .பேஷ்ஆர்சி கோப்பில் புதிய கோப்புறையை மட்டும் எழுதி, பழைய பாத்தைச் சேர்க்காமல் சேமித்துவிட்டேன். மறுபடி உள்ளே நுழைந்ததும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் இல்லை, கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் இல்லை, எடிட்டர் இல்லை. வயிறு கலங்கியது. பிறகுதான், கோப்புறை மாறும் சிடி கட்டளை வேலை செய்வதைக் கவனித்தேன். சிடி, எக்கோ, டைப், எக்ஸ்போர்ட் போன்றவை ஷெல்லுக்கு உள்ளேயே இருப்பவை. அவற்றுக்குப் பாத் தேவையில்லை. எக்கோ * என்று தட்டினால் கோப்புறையில் இருப்பவை தெரியும், எல்எஸ் இல்லாமலேயே. அதன்பின் ஒரு வரி:

எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்

இது இந்த ஒரு டெர்மினலுக்கு உயிர் கொடுக்கும். பிறகு எடிட்டரைத் திறந்து கோப்பில் இருக்கும் தவறான வரியைத் திருத்துங்கள். திருத்தியதைச் சோதிக்க இரண்டாவது டெர்மினலைத் திறவுங்கள். அது சரியாக வந்தபிறகுதான் முதலாவதை மூட வேண்டும். இந்தப் பழக்கம் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

வரியை எந்தக் கோப்பில் எழுதுவது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

எல்லோரும் அவரவர் கணினிக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஷெல் எப்படித் தொடங்கியது என்பதைப் பொறுத்து அது படிக்கும் கோப்பு மாறும்.

பேஷில் இரண்டு வகைத் தொடக்கம் உண்டு. பயனர் பெயர் கொடுத்து உள்நுழையும்போது தொடங்குவது உள்நுழைவு ஷெல். அது முதலில் /ஈடிசி/புரொஃபைல், அதன்பின் உங்கள் வீட்டுக் கோப்புறையில் .பேஷ்_புரொஃபைல், .பேஷ்_லாகின், .புரொஃபைல் ஆகிய மூன்றில் முதலில் கண்ணில் படும் ஒன்றை மட்டும் படிக்கும். 'ஒன்றை மட்டும்' என்பதை இரண்டு முறை வாசியுங்கள். ஏதோ ஒரு நிறுவி உங்களைக் கேட்காமல் .பேஷ்_புரொஃபைல் கோப்பை உருவாக்கிவிட்டால், ஆண்டுக்கணக்காக வேலை செய்துவந்த .புரொஃபைல் அன்றிலிருந்து படிக்கப்படாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஏற்கெனவே திறந்திருக்கும் மேசைத்திரையில் டெர்மினல் சாளரத்தைத் திறந்தால் தொடங்குவது மற்ற வகை, அது வீட்டுக் கோப்புறையில் .பேஷ்ஆர்சியை மட்டும் படிக்கும்.

உபுண்டுவில் ஒரு விசேஷம்: அதன் .புரொஃபைல் கோப்பிலேயே, வீட்டுக் கோப்புறைக்குள் 'பின்', '.லோக்கல்/பின்' ஆகியவை இருந்தால் பாத்தில் சேர்த்துக்கொள்ளும் வரிகள் உள்ளன. இருந்தால் மட்டும்தான். இன்று முதல்முறையாக, பைத்தான் கருவிகளை நிறுவும் பிப்எக்ஸ் மூலம் ஒரு கருவியை உங்கள் கணக்கில் நிறுவுகிறீர்கள்; .லோக்கல்/பின் இன்றுதான் பிறக்கிறது; காலையில் உள்நுழைந்தபோது அது இல்லை. ஆகவே பாத்திலும் இல்லை. வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். ஒரு வரியும் எழுத வேண்டாம்.

மேக்கில், 2019இல் வந்த கேட்டலினா முதல் இசட் ஷெல்தான் இயல்பு. அங்கே .இசட்எஸ்ஹெச்ஆர்சி கோப்பில் எழுதினால் போதும். .இசட்எஸ்ஹெச்என்வ் கோப்பில் எழுதாதீர்கள்: அது படிக்கப்பட்ட பிறகு /ஈடிசி/இசட்புரொஃபைல் மூலம் 'பாத்_ஹெல்பர்' என்ற நிரல் ஓடி, /ஈடிசி/பாத்ஸ் கோப்பில் உள்ளவற்றை முன்னால் தள்ளிவிட்டு உங்களுடையதைப் பின்னால் போட்டுவிடும். மேக்கில் மென்பொருள்களை நிறுவ ஹோம்புரூ பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இன்டெல் மேக்கில் அது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் வைக்கும். ஆப்பிள் சிலிக்கன் மேக்கில் /ஆப்ட்/ஹோம்புரூ/பின்னில். பழைய மேக்கிலிருந்து அமைப்புக் கோப்புகளைக் கொண்டுவந்தவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பாத்தை மாற்றும் வரிகளை ஒரு ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதி ஓட்டினேன். ஓடியது, ஆனால் ஒன்றும் மாறவில்லை.

ஸ்கிரிப்ட் ஒரு குழந்தை ஷெல்லில் ஓடுகிறது. பெற்றோரிடமிருந்து பாத் குழந்தைக்கு வரும். குழந்தை மாற்றியது பெற்றோருக்குப் போகாது. சோர்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, அதன் பின்னால் ஸ்கிரிப்டின் பெயரைத் தாருங்கள். அப்போது வரிகள் உங்கள் ஷெல்லிலேயே ஓடும்.

சூடோ போட்டால் மட்டும் கட்டளை காணாமல் போகிறது.

ஒரு கட்டளையை ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, ஓட்டித் தரும் சூடோ உங்கள் பாத்தைப் பயன்படுத்துவதில்லை. /ஈடிசி/சூடோயர்ஸ் கோப்பில் 'செக்யூர்_பாத்' என்று ஒரு வரி இருக்கிறது. அதிலுள்ள கோப்புறைகளை மட்டுமே பார்க்கும். இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: உங்கள் பாத்தில் யாராவது ஒரு போலி நிரலை நுழைத்திருந்தால் அது ரூட் அதிகாரத்துடன் ஓடிவிடக் கூடாது. முழு முகவரி கொடுத்து ஓட்டுங்கள். அடிக்கடி தேவையென்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில், நிரல் இருக்கும் இடத்தைச் சுட்டும் ஒரு குறியீட்டு இணைப்பு வையுங்கள். உபுண்டு, டெபியனில் அந்தக் கோப்புறை பட்டியலில் உண்டு. செக்யூர்_பாத் வரியையே அழித்துவிடும்படி சொல்லும் ஆலோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டெபியனில் எஸ்யூ கட்டளை மூலம் ரூட்டாக மாறினால், பயனரைச் சேர்க்கும் 'ஆட்யூசர்' போன்றவை கிடைக்காமல் போவது வேறு கதை. 2019இல் வந்த டெபியன் 10 முதல், வெறும் எஸ்யூ உங்கள் பழைய பாத்தையே வைத்துக்கொள்கிறது. அதில் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் கோப்புறைகள் இருப்பதில்லை. எஸ்யூவுக்குப் பிறகு ஒரு இடைவெளியும் ஒரு சிறு கோடும் போட்டால் ரூட்டின் சொந்தப் பாத் வரும்.

கையால் ஓட்டினால் சரி. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரான் மூலம் ஓட்டினால் தோல்வி.

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். பட்ட அடி அப்படி.

முன்பு ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது, தரவுத்தளத்தை இரவு 2 மணிக்கு நகலெடுக்க கிரானில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நகலெடுக்கும் பிஜி_டம்ப் தரும் வெளியீட்டை, குழாய்க்குறி (|) வழியாக வாங்கி ஜிஜிப் சுருக்கி, தேதியுடன் கூடிய கோப்பில் சேமிக்க வேண்டும். தினமும் காலையில் புதிய தேதியுடன் ஒரு கோப்பு இருக்கும். எல்லோருக்கும் திருப்தி. ஒருநாள் ஓர் அட்டவணை தவறுதலாக அழிந்து, நகலைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு கோப்பும் 20 பைட். உள்ளே ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் ஜிஜிப் தரும் அளவு அது. போஸ்ட்கிரெஸ் மூலநிரலிலிருந்து நிறுவப்பட்டிருந்ததால் பிஜி_டம்ப் இருந்தது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்க்யூஎல்/பின்னில். கிரானுக்குத் தெரிந்த பாத்தோ /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும். பிஜி_டம்ப் கிடைக்கவில்லை என்ற செய்தி தினமும் உள்ளூர் அஞ்சல்பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் திறந்ததில்லை. குழாயின் கடைசியில் இருந்த ஜிஜிப் வெற்றிகரமாக முடிந்ததால், கட்டளை மொத்தமும் வெற்றி என்றே பதிவானது.

ஆகவே கிரானில் முழு முகவரியை எழுதுங்கள். அல்லது கிரான் கோப்பின் தலையில் பாத்தை ஒரு வரியாகத் தாருங்கள். ஆனால் அங்கே '$பாத்' விரிவடையாது என்பதால் எல்லாக் கோப்புறைகளையும் எழுத்து எழுத்தாக எழுத வேண்டும். இரவு 2 மணி வரை காத்திருக்காமல் பகலிலேயே சோதிக்க:

என்வ் -ஐ பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின் /பின்/எஸ்ஹெச் -சி 'உங்கள் கட்டளை'

கிரானின் வறுமையை நீங்களே அனுபவித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

எஸ்எஸ்ஹெச் மூலம் தொலைவிலுள்ள கணினிக்குள் போய்த் தட்டினால் ஓடுகிறது. ஒரே வரியில் கட்டளையைச் சேர்த்து அனுப்பினால் ஓடவில்லை.

கட்டளையைச் சேர்த்து அனுப்பும்போது உரையாடல் இல்லாத ஷெல் (நீங்கள் தட்டுவதற்குக் காத்திராமல், கொடுத்ததை ஓட்டிவிட்டு முடிவது) தொடங்குகிறது. உபுண்டுவின் .பேஷ்ஆர்சியைத் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள்: 'உரையாடல் ஷெல் இல்லையென்றால் திரும்பிவிடு' என்ற நிபந்தனை இருக்கும். நீங்கள் எழுதிய எக்ஸ்போர்ட் வரி கோப்பின் அடியில் இருப்பதால் அதுவரை யாரும் வருவதில்லை. அந்த நிபந்தனைக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

கோப்பு கண்ணெதிரே, இதே கோப்புறையில் இருக்கிறது. ஏன் ஓட மறுக்கிறது? நிற்கும் கோப்புறையைக் குறிக்கும் புள்ளியைப் (.) பாத்தில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். ./பெயர் என்று தட்டுங்கள். இரண்டே எழுத்து அதிகம்.

ஒரு காலத்தில் அது இயல்பாகவே இருந்தது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் போர்ன் ஷெல்லுடன் வந்தபோது, அதன் இயல்புப் பாத் ஒரு முக்காற்புள்ளியில் தொடங்கியது. அதாவது முதலில் வெற்றிடம், அதாவது நிற்கும் கோப்புறை. வெற்றிடத்துக்கு இன்றும் அதே பொருள் இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். பலர் பயன்படுத்தும் கணினியில் இது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்: /டிஎம்பி கோப்புறையில் எல்எஸ் என்ற பெயரில் ஒருவர் ஒரு ஸ்கிரிப்டை வைத்துவிட்டுப் போகிறார், நீங்கள் அங்கே போய் எல்எஸ் தட்டுகிறீர்கள், அவருடைய ஸ்கிரிப்ட் உங்கள் அதிகாரத்தில் ஓடுகிறது. மேலே சொன்ன இளைஞரின் இரட்டை முக்காற்புள்ளி அவருக்குத் தெரியாமலேயே இந்தக் கதவைத் திறந்துவைத்திருந்தது.

'பர்மிஷன் டினைடு' வருகிறது. இதுவும் பாத் கோளாறா?

இல்லை. நிரல் கிடைத்துவிட்டது, ஓட்ட முடியவில்லை. வெளியேற்ற எண் 126. ஓட்டும் அனுமதியைத் தர சிஹெச்மாட் +எக்ஸ்.

கோப்பு இருந்தும் 'நோ சச் ஃபைல்' என்று வந்தால், இல்லாதது அந்தக் கோப்பல்ல. அதன் முதல் வரியில் குறிப்பிடப்பட்ட மொழிபெயர்ப்பி (இன்டர்பிரெட்டர்), அதாவது அந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டிய நிரல். விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்டில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். '/பின்/பேஷ்' என்பதன் வாலில் அது சேர்ந்தால் அப்படி ஒரு நிரல் உலகத்திலேயே இல்லை. டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவி அதைத் துடைத்துவிடும்.

இசட் ஷெல்லில் என் ஸ்கிரிப்ட் பாதி வரை ஓடிவிட்டு, பிறகு எந்தக் கட்டளையும் கிடைக்கவில்லை என்கிறது.

சிறிய எழுத்தில் 'பாத்' என்று ஒரு மாறி வைத்திருக்கிறீர்களா? இசட் ஷெல்லில் சிறிய எழுத்துப் பாத்தும் பெரிய எழுத்துப் பாத்தும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். கோப்புகளைச் சுற்றிவரும் சுழலில் அந்தப் பெயரை வைத்தால் முதல் சுற்றிலேயே தேடல் பாதை போய்விடும். மாறியின் பெயரை மாற்றுங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டேன். பாத் சரி, நிறுவியதும் சரி, ஆனாலும் இல்லை.

பெயரே வேறாக இருக்கலாம். டெபியனிலும் உபுண்டுவிலும் பெயர் மோதலைத் தவிர்க்கச் சில கருவிகளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்: கோப்பு தேடும் எஃப்டி என்பது எஃப்டிஃபைண்ட், கோப்பைக் காட்டும் பேட் என்பது பேட்கேட். பைத்தான் என்று தட்டினால் இல்லை, பைத்தான்3 இருக்கும். டிபிகேஜி -எல் என்று தட்டி (இந்த 'எல்' பெரிய எழுத்து) பொதியின் பெயரைக் கொடுத்தால், எந்தெந்தக் கோப்புகளை எங்கே வைத்தது என்று பட்டியல் வரும். அதில் 'பின்' என்று வரும் வரிகளைப் பாருங்கள்.

விண்டோஸில்?

பிரிப்பது அரைப்புள்ளி, முக்காற்புள்ளி அல்ல. பழைய கமாண்ட் பிராம்ப்ட் நிற்கும் கோப்புறையிலேயே முதலில் தேடும், பவர்ஷெல் தேடாது. பாத்தை மாற்றிய பிறகு, ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரங்களுக்கு அது தெரியாது, புதிதாகத் திறவுங்கள். செட்எக்ஸ் கட்டளையால் மட்டும் பாத்தை மாற்றாதீர்கள்: 1024 எழுத்துக்கு மேல் இருந்தால் மிச்சத்தை வெட்டிவிட்டுச் சேமித்துவிடும், வெட்டியது திரும்ப வராது. அமைப்புகளில் சூழல் மாறிகளுக்கான சாளரத்தைத் திறந்து கையால் சேருங்கள்.